முதுமையில் மறதி: உறவு விலகினால் மூளைக்கு என்ன ஆகிறது?

"கிழவிக்கு வயசாயிடுச்சு, மறந்துபோவுது. அதுக்கு என்னத்த செய்யறது?" இந்தப் பேச்சு கேட்காத தோட்டமும் இல்லை, தாமானும் இல்லை. சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் இந்த ஒரு பேச்சினால்தான் நம் முதியவர்களில் பலர் டாக்டர் முகத்தையே பார்க்காமல், வீட்டு மூலையில் ஒரு பாயோடு கிடந்து காலத்தைக் கழிக்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சந்தைக்குப் போய் புளி வாங்க மறந்து வருவது எல்லாருக்கும் உண்டு. வயது ஏற ஏற அது கொஞ்சம் கூடும். பேர் நாக்கு நுனியில் நிற்கும், அரை மணி கழித்து ஞாபகம் வரும். இது வியாதி அல்ல. ஆனால், அதே சந்தையிலிருந்து நாற்பது வருஷம் நடந்த பாதையில் வீடு திரும்பத் தெரியாமல் ஒருவர் நின்றால், அது வேறு விஷயம். பசியாறி முடித்துப் பாத்திரம் கழுவுவதற்குள் "எனக்கு யாரும் சாப்பாடு போடலை" என்பதும், அடுப்பில் பானையை வைத்துவிட்டுத் தூங்கப் போவதும், கேட்ட கேள்வியையே பத்து தடவை கேட்பதும், பத்து வெள்ளி நோட்டுக்கும் ஐம்பது வெள்ளி நோட்டுக்கும் வித்தியாசம் தடுமாறுவதும் மூளையில் ஏதோ நடக்கிறது என்பதற்கு அறிகுறிகள்.

இன்னொரு அறிகுறி குடும்பத்தையே பிரித்துவிடும். "என் தோட்டை மருமக எடுத்துட்டா" என்று பாட்டி சொல்வார். தோடு அரிசி டின்னுக்குள் இருக்கும், வைத்தது அவரேதான். வைத்த ஞாபகம் அழிந்துபோனதால், எடுத்தது யார் என்று மனம் ஓர் ஆளைத் தேடுகிறது. பக்கத்தில் இருக்கிறவள் மருமகள், ஆகவே பழி அவள் மேல். இது வியாதி பேசும் பேச்சு என்று தெரியாமல் எத்தனை வீடுகளில் அடிதடி வரை போயிருக்கிறது! முன்பெல்லாம் செய்வினை என்றும் காற்றுக்கருப்பு என்றும் சொல்லிக் கோழி அறுத்தார்கள். இன்றைக்கும் அறுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வியாதிக்கு டாக்டர்கள் சொல்லும் பொதுப்பெயர் டிமென்ஷியா. அதில் பல வகை உண்டு. ஜெர்மன் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் விவரித்த வகையில் மூளையின் உயிரணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. இன்னொரு வகை இரத்தக் குழாய் அடைப்பினால் வருவது. இரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் நிறைந்த நம் மக்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினரிடம் இதன் சாயல் காணப்பட்டது. அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். ஒரு கோயில் பந்தியில் பன்னிரண்டு முதியவர்கள் உட்கார்ந்தால் அதில் ஒருவர் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி உறவு விஷயத்துக்கு வருவோம். உறவுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

நெடுங்காலமாக இந்த வியாதியைப் பற்றிய ஆராய்ச்சியெல்லாம் வெள்ளைக்கார நாடுகளில், படித்தவர்களிடையேதான் நடந்து வந்தது. உலக நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைத் தொடவில்லை. இதை எடுத்துக்காட்டவே ஒரு குழு தன் பெயரையே '10/66' என்று வைத்துக்கொண்டு 1998இல் வேலையைத் தொடங்கியது. அது ஆராய்ந்த இடங்களில் நம் சென்னை நகரமும் வேலூர்க் கிராமங்களும் உண்டு. கூடவே கியூபா, பெரு, மெக்சிகோ முதலிய நாடுகளும் உண்டு.

அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைப் பற்றிய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அவர்களில் பெரும்பகுதி மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். திராட்சைத் தோட்டத்திலும் காய்கறி வயலிலும் கூலிக்குக் குனிந்த மக்கள் அவர்களிடையே ஏராளம். 1962இல் சீசர் சாவேசும் டொலோரஸ் வெர்த்தாவும் சங்கம் கட்டியது அந்தப் பாட்டாளிகளுக்காகத்தான். பள்ளிக்கூடம் அதிகம் போகாத கிழவர்கள், மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ், ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயிலும் கூட்டுச் சமையலும், அண்ணன் தம்பிக்குப் பின்னே அத்தை மாமன் என்று நீளும் சொந்தம்: பேச்சை மாற்றிவிட்டால் நம் லயத்துக்கதை போலவே இருக்கும். 2008 முதல் 2011 வரை நியூயார்க்கின் பிராங்க்ஸ், சிக்காகோ, மயாமி, சான் டியாகோ ஆகிய நான்கு இடங்களில் இவர்களில் 16,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். அதில் நடுவயது தாண்டியவர்களைச் சோதித்தபோது, "எனக்கு ஒன்று என்றால் ஆள் இருக்கிறது" என்று உணர்ந்தவர்களுக்கு ஞாபகசக்தியும் சொல்வளமும் மேலாக இருப்பது தெரிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உறவு இருப்பதால் மூளை நன்றாக இருக்கிறதா, மூளை நன்றாக இருப்பதால் மனிதன் நாலு பேரோடு பழகுகிறானா? இரண்டும் நடக்கும். மறதி தொடங்கும்போதே வெட்கப்பட்டு ஆள் ஒதுங்கிவிடுகிறார். ஒதுங்கியதால் மறதி மேலும் வேகமாகிறது. ஆகவே "சொந்தபந்தம் நிறைய இருந்தால் வியாதி வராது" என்று யாரும் எண்ணிக்கொள்ளலாகாது. பெரிய குடும்பத்து ஆத்தாவுக்கும் வரும். ஆனால் தனிமை இந்த வியாதிக்கு ஒரு காரணம் என்பதை டாக்டர்கள் இப்போது ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

தனிமை மூளையை எப்படித் தின்கிறது? இரண்டு பேர் வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதைச் சாதாரணமாக நினைக்கிறோம். அந்த நேரத்தில் காது கேட்கிறது, முகம் பார்க்கிறது, போன வருஷம் யார் கல்யாணத்தில் யார் சண்டை போட்டார் என்று ஞாபகம் தேடுகிறது, அடுத்து என்ன சொல்வது என்று புத்தி முடிவு செய்கிறது. இத்தனை வேலையும் ஒரே சமயத்தில். மூளைக்கு இதைவிடப் பெரிய தேகப்பயிற்சி இல்லை. அடுத்து, பக்கத்தில் ஆள் இருந்தால் மருந்து தவறாது, சாப்பாடு தவறாது, கீழே விழுந்தால் தூக்க ஆள் உண்டு. "என்னா பாட்டி, இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்க ஒரு வாய் இருந்தால், வியாதி முற்றுமுன் கண்டுபிடிக்கப்படும். தனியாகக் கிடப்பவரின் மனக்கவலை இரத்தக் கொதிப்பை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். அதுவும் மூளைக்குத்தான் போய்ச் சேரும்.

இந்தக் கணக்கை டெங்கிலில் போட்டுப் பார்ப்போம்.

இன்றைக்குப் புத்ராஜெயா என்று உலகமே வந்து பார்க்கும் நகரத்தின் அடியில் கிடப்பது நம்முடைய பால்காடு. முதல் உலக யுத்தம் முடிந்து 1921இல், யுத்தத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் திறந்த தோட்டம் பிராங் புசார்; 'பெரிய யுத்தம்' என்பதே அந்தப் பெயரின் பொருள். அங்கே ஒட்டுக்கட்டி வளர்த்த 'பி.பி.' இன ரப்பர் கன்றுகள் எத்தனையோ நாடுகளுக்குப் போயின. 1995இல் நிர்வாக நகரத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது பிராங் புசாரும், அதை அடுத்த கேலவே, செட்ஜலி, மெடிங்லி தோட்டங்களும் காலியாயின. அந்த நான்கு தோட்டத்துக் குடும்பங்களும் 1990களின் பிற்பகுதியில் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. சுவர் வெடித்த கதையும், தரைவீடு கேட்டு இருபது வருஷத்துக்கு மேல் மக்கள் அலைந்த கதையும் சங்கத் தோழர்கள் அறிந்ததே. அதை இங்கே விரிக்கவில்லை. வீடு மாறியபோது கணக்கில் வராமல் போன ஒரு நஷ்டத்தைப் பற்றித்தான் இந்தப் பகுதியில் பேச வேண்டும்.

லயத்தில் ஒரு பாட்டியின் நாள் எப்படிப் போயிற்று? விடியுமுன் பெரட்டு மணி. வேலையை விட்டு பத்து வருஷம் ஆனாலும் அந்த மணிக்கு எழுந்துவிடுவார். எதிர்வீட்டுப் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விடுவது, குழாயடியில் தண்ணீருக்கு நின்று பேசுவது, மதியம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்வது, செத்த வீடு என்றால் ஒப்பாரிக்கு முதல் ஆளாகப் போவது, மாரியம்மன் திருவிழாவுக்கு யார் வீட்டிலிருந்து என்ன வரவேண்டும் என்று மனக்கணக்காக வைத்திருப்பது. யாரும் அவரை 'முதியோர் நலத் திட்டம்' என்று கூப்பிட்டுச் சேர்க்கவில்லை. கதவைத் திறந்தால் திட்டம் வாசலிலேயே இருந்தது. துரைமார்கள் லயத்தைக் கட்டியது கூலியை மலிவாய் வைத்திருக்கத்தான். நான் லயத்து வாழ்வைப் பொற்காலம் என்று பாட வரவில்லை. ஒழுகும் கூரையையும் கள்ளுக்கடையையும் மறக்கவில்லை. ஆனால் கிழடுகட்டைகள் ஒதுங்கிப்போக அங்கே இடமே இல்லை.

அடுக்குமாடியில் என்ன ஆயிற்று? முழங்கால் படிக்கு இடம் கொடுக்காது. கதவுக்கு முன் இரும்புக் கிரில், கிரில்லுக்கு ஒரு பூட்டு. மகன் பூச்சோங்கில் லாரி ஓட்டுகிறான், மருமகள் விமான நிலையத்தில் துப்புரவு வேலை, பேரன் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். அக்கம்பக்கத்தில் பழைய தோட்டத்து ஆள் இருந்தாலும் வேறு பிளாக், வேறு மாடி. காலை ஏழு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை பாட்டியோடு பேசுவது தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே. அது பேசும், கேட்காது. இப்படி வருஷக்கணக்காக இருந்தால் நல்ல மூளையும் துருப்பிடிக்கத்தான் செய்யும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு சம்பளம் இல்லாமல் அடுப்பு எரியாத காலம் இது.

இன்னொரு அநியாயமும் உண்டு. மறதியைச் சோதிக்க ஆஸ்பத்திரியில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் படித்தவனுக்காக வகுத்தவை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, கடிகாரம் வரை என்பார்கள். ஏழு வயதில் ஒட்டுப்பால் பொறுக்கப் போன பெண் எப்படி எழுதுவாள்? ஆனால் அவர் நானூறு ஐந்நூறு மரம் கொண்ட நிரையில் எந்த மரம் பால் கொடுக்கும், எது பட்டை புண்ணானது என்று இருட்டிலேயே சொன்னவர். தாலாட்டும் கும்மியும் ஏட்டில் எழுதாமல் நெஞ்சில் வைத்திருந்தவர். அவரை 'தோற்றுவிட்டார்' என்று எழுதுவதும் தவறு. "படிக்காதவங்க, அப்படித்தான்" என்று சும்மா அனுப்பிவிடுவதும் தவறு. இதை உணர்ந்துதான் 2018 தேசிய ஆய்வில், எழுத்தறியாதவர்களுக்கென்று ஆப்பிரிக்காவில் வகுக்கப்பட்ட ஒரு சோதனையைப் பயன்படுத்தினார்கள். தீக்குச்சிகளைக் காட்டியபடி அடுக்கச் சொல்வார்கள், ஒரு நிமிஷத்தில் தெரிந்த மிருகங்களின் பேரைச் சொல்லச் சொல்வார்கள். ஆகவே உங்கள் வீட்டு முதியவரை அழைத்துப் போகும்போது, "எங்கம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, முன்னே இதையெல்லாம் செஞ்சாங்க, இப்ப செய்ய முடியலை" என்று டாக்டரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். முன்பு செய்தது என்ன, இப்போது நின்றது என்ன என்பதுதான் சரியான அளவுகோல்.

பாஷை விஷயமும் அப்படியே. இந்த வியாதியில் பிற்காலத்தில் கற்ற பாஷை முதலில் நழுவுவது உண்டு. தாய்மொழி பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். கடைத்தெருவில் மலாயில் சரளமாகப் பேசிய தாத்தா கிளினிக்கில் திருதிருவென்று விழிப்பார். கூடத் தமிழ் தெரிந்த ஆள் போகாவிட்டால், உள்ளதற்கு மேல் வியாதி இருப்பதாகப் பதிவாகிவிடும்.

உறவைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு தடுக்கக்கூடிய காரணங்கள் 14 என்று கணக்கிட்டு, அவற்றைக் களைந்தால் உலகில் 45 விழுக்காடு வரை இந்த வியாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கூறியது. இளமையில் கல்வியின்மை, இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கொழுப்பு, சிகரெட், மிதமிஞ்சிய குடி, தலையில் அடி, மனச்சோர்வு, காது மந்தம், பார்வைக் குறைவு எல்லாம் அதில் வருகின்றன. சம்சுவைப் பற்றி இந்தப் பகுதியில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ரப்பர் ஆலையிலும் செம்பனை ஆலையிலும் இயந்திரச் சத்தத்தில் வேலை செய்தவர்களுக்குக் காது மந்தமாவது சகஜம். காது கேட்காதவரோடு பேச வீட்டார் சலிப்படைகிறார்கள். அவரும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். வீட்டில் பத்துப் பேர் இருந்தும் தனிமை! காதைச் சோதித்துக் கருவி வாங்கிப் போடுவதில் வெட்கம் எதற்கு? கண்ணாடி போடுகிறோமே.

இனி, அன்பு என்ற பெயரில் நாம் செய்யும் கெடுதல். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா உக்காருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுகிறோம். வெங்காயம் உரிப்பது, பூ கட்டுவது, துணி மடிப்பது, சாமி விளக்கைத் துலக்குவது எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறோம். கை சும்மா ஆனால் புத்தியும் சும்மா ஆகும். மெதுவாகச் செய்யட்டும், கோணலாகச் செய்யட்டும், செய்ய விடுங்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: நாலு பேரப்பிள்ளைகளைத் தலையில் கட்டிவிட்டு, பாட்டியைச் சம்பளமில்லாத ஆயாவாக்குவது. பேரப்பிள்ளை நல்ல மருந்துதான், ஆனால் அளவோடு.

பெரிய குடும்பம் வியாதியை மறைத்தும் விடுகிறது. ஒருவர் மருந்து எடுத்துக்கொடுக்க, ஒருவர் பணத்தைப் பார்த்துக்கொள்ள, தாத்தாவுக்கு எதுவும் தெரியவில்லை என்பதே இரண்டு மூன்று வருஷம் வெளியே வராது. அமெரிக்காவிலுள்ள லத்தீன் குடும்பங்களிலும் இதே குறைதான். "வயசு" என்று எண்ணிப் பிந்தி வருகிறார்கள். அங்கும் இங்கும் சுமை விழுவது ஒரு பெண்ணின் தோளில்: மகள், அல்லது மருமகள். இரவு தூங்காமல் நடமாடும் முதியவரைப் பார்த்துக்கொண்டு காலையில் வேலைக்கும் போகிற பெண்ணின் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? வாரத்தில் ஒரு நாளாவது அவளுக்கு மாற்று ஆளாக அண்ணன் தம்பிகள் வரவேண்டும். "அம்மாவை அவ நல்லா பாத்துக்கறா" என்று புகழ்ந்துவிட்டுப் போவது போதாது.

சங்கக் கிளைகள் செய்யக்கூடியதும் உண்டு, காசு அதிகம் செலவாகாது. பழைய தோட்டத்து ஆட்களின் பெயரும் பிளாக் எண்ணும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு காலை, கோயில் மண்டபத்திலோ கீழ்த்தளத்திலோ தேநீர் வைத்து அவர்களை இறக்கி உட்கார வையுங்கள். பால்காட்டுக் கதை கேளுங்கள். எந்த வருஷம் எந்த லயத்தில் யார் இருந்தார் என்று வாலிபர்கள் எழுதிக்கொள்ளட்டும். பழைய ஞாபகம்தான் கடைசியில் அழிவது, அதைப் பேசும்போது அவர்கள் முகமே மாறும். அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளை ஒட்டி வார்கா எமாஸ் கிளப்புகள் இயங்குவதுண்டு. உங்கள் பகுதியில் உண்டா என்று கேட்டுச் சேர்த்துவிடுங்கள். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள அல்சைமர் நோய் அறக்கட்டளை 1997 முதல் குடும்பங்களுக்கு ஆலோசனை தருகிறது.

பத்திரங்களையும் காலத்தோடு பாருங்கள். சிவப்பு அடையாளக் கார்டோடு இருக்கும் முதியவர்கள் நம்மிடையே இன்னும் உண்டு. எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எந்தக் கிராணியிடம் பெயர் பதிந்தார் என்ற விவரம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. அது கலைந்த பிறகு மனு எழுத உட்கார்ந்தால் யாரைக் கேட்பது?

கடைசியாக ஓர் அவசர விஷயம். மறதி வருஷக்கணக்கில் மெல்ல வருவது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால், ஆள் அடையாளம் தெரியாமல் போனால், பகலெல்லாம் அரைத் தூக்கமாகக் கிடந்தால், அது வயதும் அல்ல, சாமியும் அல்ல. மூத்திரக் கிருமி, நெஞ்சுச் சளி, இனிப்பு அளவு இறங்குவது, போன மாதம் கீழே விழுந்ததில் தலைக்குள் கசிந்த இரத்தம், பக்கவாதம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மெல்ல வந்த மறதியிலும் தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு போன்ற குணமாக்கக் கூடிய காரணங்கள் மறைந்திருப்பதுண்டு. இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். போகும்போது சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வழி தவறும் பழக்கம் உள்ளவர் சட்டைப்பையில் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்றைத் தைத்து வையுங்கள்.